மாணவரின் பழைய நாவல்கள்

1907-இல், ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமான ட்ரியெஸ்டேயில் தனிவகுப்பு எடுத்துப் பிழைத்தவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். வயது 25. ஆங்கிலம் கற்க வந்த எத்தோரே ஷ்மித்ஸ் அவரைவிட 20 வயது மூத்தவர். கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயின்ட் தொழிலில் இருந்தவர். லண்டன் கிளைக்காக அவருக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது.

ஆசிரியர் தன் கதையைப் படித்துக்காட்ட, மாணவர் தயங்கியபடி இரண்டு பழைய நாவல்களை எடுத்துக் கொடுத்தார். இத்தாலோ ஸ்வேவோ என்ற புனைபெயரில் அவர் எழுதியவை. 1898-இல் வந்த இரண்டாவதை யாரும் சீந்தவில்லை. அதோடு நாவல் எழுதுவதையே விட்டிருந்தார். ஜாய்ஸ் அதைப் படித்துவிட்டு மனமாரப் பாராட்டினார். சில பகுதிகளைப் பாராமலே ஒப்பித்தும் காட்டினார்.

இந்த ஒப்பித்தல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிவப்பு மையால் திருத்துகிற ஆசிரியர்கள் நிறையவே உண்டு. தான் எழுதிய வரியை இன்னொருவர் வாயால் கேட்பது எத்தனை மாணவர்களுக்கு வாய்த்திருக்கிறது?

ஷ்மித்ஸும் பதிலுக்குப் படித்தார். ஜாய்ஸின் முடிவுறாத நாவலின் தொடக்க அத்தியாயங்களைப் பற்றி 1909-இல், தான் கற்றுக்கொண்டிருந்த ஆங்கிலத்திலேயே, நிறைகுறைகளை மனந்திறந்து எழுதினார்.

1923-இல், 61 வயதில், அவருடைய 'ஜீனோவின் மனசாட்சி' வெளிவந்தது. இத்தாலியில் மறுபடியும் அதே மௌனம். பாரிஸில் குடியேறியிருந்த ஜாய்ஸ், பிரெஞ்சு விமர்சகர்களின் கவனத்தை அந்த நாவலின் பக்கம் திருப்பினார்.