பழக்கம் யாருடையது?

பாடசாலை அபிவிருத்தித் திட்டங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாசகம் நன்கு பரிச்சயமாயிருக்கும்: ‘மாணவரிடையே நல்ல கற்றல் பழக்கங்களை வளர்த்தல்’. 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் அறிமுகமானதன் பின்னர், தமது முன்னுரிமைகளைத் தாமே தீர்மானித்து எழுதும் பொறுப்பு பாடசாலைகளைக் கூடுதலாக வந்து சேர்ந்தது. அதிபர், ஆசிரியர், பெற்றார், பழைய மாணவர் எல்லோரும் கூடியிருந்து எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கட்டங்கள் போட்ட அந்தத் தாளில், இலக்கு நிறைவேறியதை எதைக்கொண்டு அறிவது என்று கேட்கும் கட்டம் ஒன்றும் இருக்கிறது. மலசலகூடம் கட்டினால் எண்ணிக் காட்டலாம். மதிலுக்கு வர்ணம் பூசினால் படம் பிடித்துக் காட்டலாம். பழக்கத்தை எப்படி எண்ணுவது? அந்த இடத்தில் பேனா சற்றுத் தயங்கும். பிறகு, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் தொகை என்று எழுதி முடித்துவிடும்.

இது எழுதுபவரின் சோம்பலால் நேர்வதல்ல. ஒன்றை அளக்க முடியாதபோது, அளக்கக்கூடிய இன்னொன்றை அதன் ஆசனத்தில் அமர்த்திவிடுவது நிர்வாகங்களின் இயல்பு. அமர்த்தியது யார் என்பது சில வருடங்களில் மறந்துபோகும். ஆசனத்தில் இருப்பவரே உரிமையாளர் என்றாகிவிடும்.

புலமைப்பரிசிலின் கதையும் அத்தகையதே. 1940களில் கன்னங்கரா அவர்களின் கல்வித் திட்டத்தோடு வந்த ஏற்பாடு அது. கிராமத்து ஏழைப் பிள்ளை ஒன்று தன் திறமையால் மத்திய கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று வருடந்தோறும் மூன்று இலட்சம் அளவிலான பிள்ளைகள் அதனை எழுதுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன் வகுப்பில். உம்மா வெளியே குடையோடும் சாப்பாட்டுப் பெட்டியோடும் காத்து நிற்கிறார். மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாகச் செய்யப்படுகின்றன. இதனால் பிள்ளையிடம் ஒரு பழக்கம் உண்டாவதை மறுக்க முடியாது. வினாவைக் கண்டதும் விடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் பழக்கம் அது. தானாக ஒரு வினாவைக் கேட்கும் பழக்கம் அதில் சேராது. பரீட்சை முடிந்த மறுவாரம் ஐந்தாம் தரப் பிள்ளைகள் புத்தகத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

பழக்கம் என்பதை நாம் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறோமா? நற்குணம் பிறவியில் வருவதில்லை, திரும்பத் திரும்பச் செய்வதால் படிவது என்றார் அரிஸ்டோட்டில். இதனைத் தடியெடுத்த ஆசிரியர்கள் எல்லோரும் தமக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்கள். திரும்பத் திரும்பச் செய்யவை, படிந்துவிடும்! ஆனால் எது படிகிறது என்பதல்லவா கேள்வி. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார். கடுமையாக நடத்தப்படும் மாணவன் உற்சாகம் இழந்து சோம்பேறியாகிறான். தண்டனைக்குப் பயந்து மனதில் இல்லாததை வெளியே காட்டுகிறான். பொய்யும் பாசாங்குமே பின்னர் அவனது பழக்கமாகி, சுபாவமாக நிலைத்துவிடுகின்றன என்பது அவரது கணிப்பு. அதாவது, நாம் படிப்பைப் பழக்குவதாக எண்ணிக்கொண்டு நடிப்பைப் பழக்கிவிடலாம். அதே நூலில் இன்னோர் அவதானமும் உண்டு. மொரோக்கோவின் மத்ரஸாக்களில் மாணவர் பதினாறு வருடம் தங்க வேண்டியிருந்ததாம், தூனிஸில் ஐந்து வருடமே போதுமானதாக இருந்ததாம். மனனத்தில் மூழ்கி, வாய் திறந்து விவாதிக்காமல் மௌனமாக உட்கார்ந்திருந்தவர்களிடம் அறிவு ஒரு திறனாகப் படியவில்லை என்று அவர் காரணம் சொல்கிறார். அறுநூறு வருடங்களுக்கு மேல் கடந்தும் நமது வகுப்பறைகளில் ‘சத்தமில்லாத வகுப்பு’ என்பது பாராட்டாகவே இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (றஹ்) அவர்கள் பிள்ளையின் உள்ளத்தை எந்தப் பதிவையும் ஏற்கும் தூய மாணிக்கமாகவும், பெற்றாரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகவும் கண்டார்கள். இதனை நமது மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதே இஹ்யாவில், ஓதிவிட்டு வரும் பிள்ளையை விளையாட விடுங்கள், ஓயாமல் படிப்பிலேயே அமுக்கினால் அதன் உள்ளம் செத்து அறிவு மழுங்கிவிடும், தப்பிக்கும் தந்திரங்களைத் தேடத் தொடங்கிவிடும் என்ற கருத்தும் இருக்கிறது. இதனை மேடைகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை. பாடசாலை விட்டதும் குர்ஆன் மத்ரஸா, மத்ரஸா விட்டதும் ரியூசன், இஷாவுக்குப் பிறகு வீட்டு வேலை என்று நாளை நிரப்பி வைத்திருக்கும் நமக்கு அது அசௌகரியமான பக்கம்.

இவையெல்லாம் புத்தகத்துப் பேச்சு. மஹய்யாவைக்கு வருவோம்.

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது அது. 1880இல் திறந்த மாத்தளைப் புகையிரதப் பாதை அதனூடாகப் போகிறது. நகரைக் கூட்டித் துப்புரவு செய்வதற்கு வெள்ளையர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் மாநகரசபைக் குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். சற்றுத் தள்ளி, மேட்டிலும் பள்ளத்திலும், நமது குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும். கண்டியின் பேர்பெற்ற பெரிய கல்லூரிகள் தூரத்தில் இல்லை. அவற்றின் வாசல்தான் தூரம். 2016 அளவில் ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பெயரை இப்படியான இடத்தில் நின்று வாசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

இப்படியான ஒரு வீட்டில் சோறு பரிமாறும் இடமும், பாய் விரிக்கும் இடமும், கொப்பி விரிக்கும் இடமும் ஒன்றே. தொலைக்காட்சியும் அங்கேதான். தம்பியின் அழுகையும் அங்கேதான். 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் எத்தனை! வாப்பா வேலைக்குப் போனால் தொலைபேசியும் போய்விடும், பாடமும் போய்விடும். அந்தப் பிள்ளை காலையில் வீட்டு வேலை செய்யாமல் வகுப்புக்கு வருகிறது. ஆசிரியை அறிக்கையில் எழுதுகிறார்: ‘நல்ல கற்றல் பழக்கம் இல்லை’.

இந்த ஒரு வசனத்தின் நியாயம்தான் என் கேள்வி. பழக்கம் என்ற சொல் பிள்ளையின் குணத்தைச் சுட்டுகிறது. ஆனால் பழக்கம் உருவாவதற்கு ஓர் இடம் வேண்டும், குறித்த நேரம் வேண்டும், ஒரு விளக்கு வேண்டும், பக்கத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் வேண்டும். இவற்றில் எதுவும் பிள்ளையின் கையில் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மேசையும் கதிரையும் சேர்ந்து பழக்கத்தைக் கொடுக்கின்றன, பாராட்டைப் பிள்ளை வாங்கிக்கொள்கிறது. மற்றப் பிள்ளைக்கு வீட்டின் நெருக்கடி குணக்குறையாகப் பதிவாகிறது. ஏழ்மைக்காக ஒரு பிள்ளையைத் தண்டிக்க நாம் கூசுவோம். அதற்குப் ‘பழக்கம்’ என்று பெயர் மாற்றிவிட்டால் கூச்சம் போய்விடுகிறது.

கண்டி மண்ணில் பிறந்த அறிஞர் சித்திலெப்பையை நாம் முஸ்லிம் நேசனுக்காகவும் அசன்பே சரித்திரத்துக்காகவும் நினைவுகூருகிறோம். இலக்கியக்காரர் என்ற முறையில் அது சரிதான். ஆனால் அவர் பெண்பிள்ளைகளுக்காகக் கண்டியில் பாடசாலை தொடங்கியபோது, முஸ்லிம் பெண்களிடம் கல்விப் பழக்கம் இல்லையே என்று சலித்துக்கொண்டு இருக்கவில்லை. இடத்தை முதலில் உண்டாக்கினார். அவருடைய சகோதரி அங்கு துணை நின்றார். அந்த ஒழுங்கு முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் இடம், பிறகு பழக்கம்.

இதற்கு ஒரு பதில் வரும், அது இலேசான பதில் அல்ல. ‘நீங்கள் படித்து மேலே போய்விட்டீர்கள். எங்கள் பிள்ளைக்கு இந்தப் பரீட்சை ஒன்றுதான் ஏணி. அதையும் பிடுங்கப் பார்க்கிறீர்களா?’ என்று ஒரு தாய் கேட்டால், இப்னு கல்தூனைக் காட்டி அவர் வாயை அடைக்க முடியாது. அவர் சொல்வது உண்மை. ஏணியைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஏறுகிற சிலரைக் கொண்டு, கீழே நிற்கும் எல்லோருடைய பாடசாலையையும் அளக்காதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். நாற்பது பேர் உள்ள வகுப்பில் நான்கு பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் பதாகை தொங்குகிறது. முப்பத்தாறு பேருக்கு அதே வருடம் கிடைத்த பாடம், தாம் படிப்புக்கு ஆகாதவர்கள் என்பது. அவர்களும் அதே பாடசாலையின் அமானிதங்கள்தானே.

1999இல் முதலாம் தரத்தில் நாடளாவிய ரீதியில் வந்த சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் எழுத்து வேலையையும் ஒன்றாக வைத்தது. நல்ல ஆசிரியைகள் அதனை உயிரோட்டமாகச் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். மூன்றாம் தரம் தாண்டியதும் விளையாட்டு மெல்ல வெளியேறுகிறது. நான்காம் தரத்தில் வினாத்தாள் கட்டு உள்ளே வருகிறது.

என்னைக் கேட்டால், மஹய்யாவ போன்ற ஓர் இடத்து ஆரம்பப் பாடசாலையின் முன்னுரிமைப் பட்டியலில் முதல் வரி மிகச் சிறியதாக இருக்கலாம். பாடசாலை விட்ட பின்னும் ஒரு வகுப்பறை அஸர் வரை திறந்திருக்கும். பாய், மின்குமிழ், கதைப் புத்தகங்கள், தானும் ஏதேனும் வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். வீட்டு வேலை செய்ய விரும்பும் பிள்ளை செய்யலாம், படம் பார்க்க விரும்பும் பிள்ளை படம் பார்க்கலாம். புள்ளி இல்லை, பரிசு இல்லை. எந்த மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கும். செலவு, ஒரு கட்டவுட் பதாகையின் செலவை விட அதிகமாகாது. சாவியை யார் வைத்திருப்பது, மாலையில் பொறுப்பு யார் என்ற சிக்கல்கள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகமும் பழைய மாணவரும் மனம் வைத்தால் அவை தீரும்.

தீராத சிக்கல் அந்தத் தாளில் இருக்கிறது. இந்த ஒரு வரிக்கு நேரே அளவீட்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பும் துணிவு ஓர் அதிபருக்கு வர வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து நிச்சயம் விளக்கம் கேட்டு வரும்.