ஆயுதம் செய்தவரின் பங்கு

ஒரு துப்பாக்கி பறித்த உயிருக்கு, சுட்டவரோடு அதைச் செய்தவரும் பொறுப்பாவாரா? ஏகே-47ஐ வடிவமைத்த மிகைல் கலாஷ்னிகோவ், முதுமையில் ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் தலைவர் கிரிலுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கேட்டார். 1941இல் போரில் காயமடைந்து, மறு ஆண்டு கசகஸ்தானின் ரயில்வே பட்டறை ஒன்றில் தம் முதல் துப்பாக்கியைச் செய்தவர் அவர். 2013 டிசம்பரில் அவர் இறந்தபின்தான் கடிதம் வெளியானது. தாய்நாட்டைக் காக்கும் ஆயுதத்தையும் அதைப் படைத்தவரையும் திருச்சபை ஆதரிக்கிறது என்று திருச்சபைத் தரப்பில் சொல்லப்பட்டது. அது நோக்கத்தைப் பற்றிய பதில்; அந்த முதியவரை வாட்டியதோ விளைவு.

பௌத்தமும் யூத மரபும் பொறுப்பை ஆயுதம் கைமாறும் இடத்தில் வைக்கின்றன. இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து வணிகங்களில் ஆயுத வணிகத்தை முதலில் சொல்கிறது பௌத்த நூலான அங்குத்தர நிகாயம். யூதரின் தால்முத் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது: அக்காலப் புறச்சமயத்தாருக்கு ஆயுதம் விற்பதை மட்டுமல்ல, தீட்டிக் கொடுப்பதையும் தடுக்கிறது.

விற்காதவர் நிலை என்ன? அமெரிக்காவில் வீட்டுப் பட்டறையில் லேத்தும் அரமும் கொண்டு துப்பாக்கி செய்து பார்க்கும் பொழுதுபோக்காளர்கள் உண்டு. விற்பனைக்கன்றித் தம் சொந்த உபயோகத்துக்குச் செய்பவரிடம் 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. சில மாநிலங்கள்தான் கடுமை காட்டுகின்றன. வணிகத்தை மட்டும் விலக்கும் அறநெறி இவர்களைத் தொடாது.

சமணம் தொடுகிறது. இல்லறத்தாருக்கு அது விதிக்கும் நோன்புகளில் ஒன்று அனர்த்ததண்ட விரதம். தேவையின்றி நேரும் தீங்கை விலக்குவது. சமந்தபத்ரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதன் ஐந்து வகைகளில் ஒன்றாகக் கொலைக்கருவி தருவதைச் சொல்கிறது. அதன் பட்டியலில் வாளோடு கோடரி, மண்வெட்டி, நெருப்பு, சங்கிலி ஆகியவையும் நிற்கின்றன. உழவன் மண்வெட்டியின்றி வாழ முடியாது என்பது சமணருக்குத் தெரியாததல்ல. அவர்கள் எடைபோட்டது இரும்பையல்ல, அந்தச் செயலுக்கு இருந்த தேவையை. போர் நெருக்கடியில் செய்ததென்று கலாஷ்னிகோவ் சொல்லலாம். கைத்திறனின் இன்பத்துக்காகச் செய்பவருக்கு அந்தத் தேவையும் இல்லை. அந்த இன்பம் உண்மையானதுதான். ஆனால் கீலும் பூட்டும் செய்தாலும் அதே இன்பம் கிடைக்கும்.

இந்த விதி கொடுப்பதைத்தான் பேசுகிறது, வைத்திருப்பதை அல்ல என்று வாதிடலாம். ஆனால் எஃகு மனிதனைவிட நெடுநாள் வாழும். தனக்கென்று செய்த துப்பாக்கி, செய்தவர் இறந்த மறுநாளே வாரிசின் கைக்குப் போகிறது.