கேட்ட வேலையும் கேளாத வேலையும்



ஒருவர் எம்மிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறார். சொன்னதைச் சொன்னபடி செய்து கொடுத்துவிட்டால் எமது கடமை முடிந்துவிடுகிறதா? சமையல்காரர் முதல் கணக்காளர் வரை எவருக்கும் வரக்கூடிய இக்கேள்வியை ஒரு பழைய வானின் சூட்டுக் குழாயை வைத்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். பெரிய விடயங்கள் இருக்க இதென்ன குழாய்க் கதை என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு வாசியுங்கள்.

ஓல்னே-சூ-புவா வாகனங்களோடு பழகிய ஊர். 1973 இல் இங்கு திறக்கப்பட்ட சித்ரோன் தொழிற்சாலை, 2013 இல் உற்பத்தியை நிறுத்தும்வரை நாற்பது வருடங்கள் கார் செய்தது. ஆனால் நான் சொல்லவரும் வான் இந்த ஊரில் செய்யப்பட்டதல்ல. 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் செய்யப்பட்ட வொல்க்ஸ்வாகன் வான். படுக்கையும் சிறு அடுப்பும் வைத்துச் சுற்றுலாவுக்கென்று மாற்றிய வகை. இன்றும் ஆசையோடு வைத்திருப்பவர்கள் உண்டு.

இதன் எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கிறது. அது தண்ணீரால் அல்ல, காற்றால் குளிர்வது. ஆகவே மற்றக் கார்களைப்போல் ரேடியேற்றர் சுடுநீரிலிருந்து உள்ளே சூடு எடுக்க வழியில்லை. எஞ்சினின் விசிறி, புகை வெளியேறும் குழாய்களைச் சுற்றியுள்ள இரண்டு தகரப் பெட்டிகளுக்குள் காற்றைத் தள்ளுகிறது. அங்கே சூடேறிய காற்று மடிப்புக் குழாய்கள் வழியாகச் சென்று, வானின் அடியில் நீளமாக ஓடும் குழாயில் ஏறி, முன்னால் இருப்பவர்களின் காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் வந்து சேர்கிறது. மடிப்புக் குழாய்கள் கடதாசியும் அலுமினியத் தாளும் சேர்த்துச் செய்தவை. காலப்போக்கில் நசியும், கிழியும். கிழிந்தால் சூடெல்லாம் வீதிக்குத்தான். மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. பழையதைக் கழற்றி, அதே அளவான புதியதை மாட்டி, கிளிப் போட்டு இறுக்கினால் சரி. (உடுப்புக் காயவிடும் மெஷினின் பிளாஸ்ரிக் குழாயை மாட்டுகிற கெட்டிக்காரரும் இருக்கிறார்கள். அது சூட்டில் உருகிவிடும்.)

எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் இப்படியொரு வான் வந்தது. "அண்ணை, குழாயை மட்டும் மாத்தித் தாங்கோ. வானை விக்கப்போறன்" என்றார் உரிமையாளர். அடியில் படுத்துப் பார்த்தபோது தகரப் பெட்டிகள் துருப்பிடித்திருந்தன. உள்ளே இருந்த புகைக் குழாயிலும் ஓட்டை. புதிய பெட்டிகளின் விலையோடு பார்த்தால் குழாயின் விலை ஒன்றுமேயில்லை.

இங்கேதான் சிக்கல். எஞ்சின் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடிக்கும், நித்திரை வரும். அந்த நித்திரையிலிருந்து சிலர் எழும்புவதில்லை. கிழிந்த பழைய குழாய் இதுவரை இந்தப் புகையில் ஒரு பங்கை வீதியில் விட்டுக்கொண்டிருந்தது. புதிய குழாயை ஒழுக்கில்லாமல் பூட்டினால், அந்தப் பங்கும் உள்ளே வரும். அதாவது கேட்ட வேலையை எவ்வளவு திறமாகச் செய்கிறாரோ, அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும்! அரைகுறைத் திருத்தம் திருத்தாமல் விடுவதைவிட மோசமானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சுச் சட்டம் இதுபற்றி மௌனமாக இல்லை. திருத்துபவர் தான் கண்டதைச் சொல்லி ஆலோசனை கூறவேண்டும் என்பது அவர்மேலுள்ள கடமை. சிவில் சட்டக்கோவையின் 1641 ஆம் பிரிவு, மறைவான குறைக்கு விற்பவரைப் பொறுப்பாக்குகிறது. குறையைக் கண்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வாங்கியவர் வழக்கு வைக்கலாம். நல்லது. ஆனால் வழக்கு வைக்க ஆள் உயிரோடு இருக்கவேண்டுமே. முப்பது வருடம் கடந்து, சேகரிப்பு வாகனமாகப் பதிந்த வானுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் தொழில்நுட்பச் சோதனை. துரு அதுவரை காத்திருக்காது.

"அவருடைய வான், அவருடைய காசு, நாங்கள் யார் கேட்க?" என்பார்கள். வான் அவருடையதுதான். ஆனால் விற்றபின் அதில் இருந்து மூச்சு விடப்போவது அவரல்ல. தைப்பொங்கலுக்குச் சுவிஸிலுள்ள சொந்தக்காரரிடம் இரவிரவாக ஓடும் ஒரு குடும்பமாக இருக்கலாம். பின்படுக்கையில் பிள்ளைகள் நித்திரையாக இருக்கலாம். விலை பேசும் இடத்தில் அவர்கள் இல்லை. அவர்களுக்காகப் பேசக்கூடியவர், அடியில் படுத்துப் பார்த்த அந்த ஒருவர்தான்.

சொல்லிவிட்டால் போதுமா? போதாது என்பது என் எண்ணம். வாயால் சொன்னது காற்றோடு போகும். எமது மெக்கானிக் பில்லிலே பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். பெட்டிகளை மாற்றும்வரை புதிய குழாய் பூட்டமாட்டேன் என்று, உள்ளே போகும் வாயையும் மூடிவிட்டார். உரிமையாளருக்குக் கோபம். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது: சூட்டுக் காற்று இல்லாவிட்டால் குளிர்காலத்தில் முன்கண்ணாடியில் ஆவி படியும், அதுவும் ஆபத்துத்தானே? உண்மைதான். ஆயினும் கண்ணாடியில் படிவது ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும். அவர் வேகத்தைக் குறைப்பார், ஓரத்தில் நிறுத்தித் துணியால் துடைப்பார்.