படநூலும் பாவையும் திரையும்

அச்சிட்ட படநூலொன்றைக் குடும்பத்தோடு அமர்ந்து காணும் பாவைக்கூத்தாக மாற்றுவது கைத்திறன் சார்ந்த பணியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயின், அசையாத உருவை அசையச் செய்பவன் அதற்கு உயிர் தருகிறானா, உயிர் இருப்பதாக மயக்குகிறானா என்னும் பழைய மெய்யியல் வினா அப்பணியின் அடியில் கிடக்கிறது. வள்ளுவர் மயக்கம் என்ற பக்கமே நிற்கிறார். நாணுடைமை, இரவு ஆகிய இரண்டு அதிகாரங்களிலும் மரப்பாவை உள்ளீடற்ற இயக்கத்துக்கே உவமையாகிறது. கடையநல்லூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், குற்றாலத்துச் சித்திரசபையில், இவ்வினாவை வேறு வழியில் அணுகும் மரபொன்று சுவரோவியமாகவே நிற்கிறது.

கூத்தப்பெருமான் ஆடியதாகச் சைவர் போற்றும் ஐந்து அம்பலங்களுள் சிதம்பரம் பொன்னாலும், மதுரை வெள்ளியாலும், திருநெல்வேலி செம்பாலும், திருவாலங்காடு இரத்தினத்தாலும் பெயர்பெற, குற்றாலம் சித்திரத்தால் பெயர்பெற்றது. குற்றாலநாதர் கோயிலிலிருந்து விலகித் தனித்து நிற்கும் இச்சபையில் வழிபடப்படுபவர் சுவரில் தீட்டப்பெற்ற நடராசர். மார்கழித் திருவாதிரையை ஒட்டித் தாண்டவ தீபாராதனை நிகழும் இவ்விடத்தில் ஓவியம் அசைவதில்லை, ஆனால் ஆடல் நிகழ்வதாகவே அடியார் கொள்கின்றனர். படத்தை ஆடவைக்க அங்கு எந்தப் பொறியும் தேவைப்படவில்லை என்பதைப் படநூலைக் கூத்தாக்க விரும்புவோர் முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அவ்வாடலின் பொருளை 13ஆம் நூற்றாண்டில் மனவாசகங்கடந்தார் இயற்றிய ‘உண்மை விளக்கம்’ என்னும் சைவசித்தாந்த நூல் உறுப்பு உறுப்பாக விரிக்கிறது. உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், ஏந்திய தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும். இவற்றுள் மறைத்தல், அதாவது திரோபவம், உயிர் தன் வினைப்பயனை நுகர்ந்து பக்குவப்படும்வரை இறைவன் தன்னைக் காட்டாது நிற்பதாகும். அதுவும் அருளின் ஒரு வகையே என்பது சித்தாந்தத் துணிபு. வள்ளுவர் பாவைக்குக் கயிறு மட்டும் உண்டு; சித்தாந்தத்தை வைத்துப் பார்த்தால் திரையும் சேர்கிறது. அதற்கும் மேலாக, அறிவும் இச்சையும் செயலும் உடையதாகச் சித்தாந்தம் கொள்ளும் உயிரைப் பாவைக்கு ஒப்பிடுவது பொருந்தாது. கூத்தில் அதன் இடம் திரைக்கு முன்னே பார்த்துக்கொண்டிருப்பவரின் இடமாகவே இருக்க முடியும்.

தென்மாவட்டங்களில் தோல்பாவைக்கூத்தை நிகழ்த்திவரும் மண்டிகர், வீட்டில் மராத்தி வழக்கொன்றைப் பேசுபவர். இவர்களது வருகையைத் தஞ்சை மராத்தியர் ஆட்சியோடு ஆய்வாளர் இணைப்பர். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் உருவை வெட்டி, ஒளி புகத் துளையிட்டு, வண்ணம் தீட்டி, விளக்குக்கும் வெள்ளைத் திரைக்கும் இடையே ஆட்டும் இக்கலையில், ஒரே கலைஞர் இராமனுக்கும் இராவணனுக்கும் உச்சிக்குடும்பன் என்னும் கோமாளிக்கும் குரல் மாற்றிப் பேசுகிறார். பல பாவைகளில் ஒரு கை மட்டுமே அசையும் வகையில் தைக்கப்பட்டிருக்கும். முகம் மாறாது, கண் சிமிட்டாது. சினமும் அழுகையும் குரலிலிருந்து புறப்பட்டுப் பார்ப்பவர் மனத்தில் போய் முகம் கொள்கின்றன. படநூலுக்கு இவ்வளவு நெருங்கிய உறவுக்கலை வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

பள்ளிவாசலும் கோயிலும் அடுத்தடுத்து இருக்கும் கடையநல்லூர் போன்ற ஊரில், உயிருள்ளவற்றின் உருவத்தை ஆக்கலாமா என்னும் இஸ்லாமிய வினாவும் இங்கு எழும். நபிமொழிகளைத் தொகுத்த அபூதாவூதின் நூலில், ஆயிஷா நாயகியின் விளையாட்டுப் பொம்மைகளை மறைத்திருந்த திரையைக் காற்று விலக்கியதாகவும், அவற்றிடையே துணிச்சிறகுகள் கொண்ட குதிரையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்), குதிரைக்குச் சிறகா என்று வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு உண்டே என்று அவர் விடையளித்ததாகவும், அது கேட்டு நபிகள் சிரித்ததாகவும் ஒரு செய்தி உண்டு. சிறாரின் பொம்மைகளுக்கு விலக்களித்த சட்ட அறிஞர் பலர் இத்தகைய செய்திகளையே சான்றாகக் கொண்டனர். 1240இல் மறைந்த சூஃபி ஞானி இப்னு அரபியோ நிழற்கூத்தையே மெய்ப்பொருளுக்கு உவமையாக்கினார். திரைக்குத் தொலைவில் இருக்கும் சிறுவர் மகிழ்கின்றனர், கவனமற்றோர் வெறும் வேடிக்கை என்கின்றனர், அறிந்தோர் திரைக்குப் பின் பேசுபவனை உணர்கின்றனர் என்பது அவர் கருத்து. சைவ நூலும் சூஃபி நூலும் வேறுவேறு வழியில் வந்து, பார்ப்பவரிடமே கூத்தின் பயனை வைப்பது கருதத்தக்கது.

இதனை ஏற்றால், மாற்றியமைப்பில் உண்மையான இழப்பு எது என்பதும் தெளிவாகும். நூலைப் படிக்கும்போது தாயை நிறுத்தி முந்தைய பக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு. கூத்தில் காலம் ஆட்டுபவர் கையில் போய்விடுகிறது. இதனை ஈடுசெய்யப் பல குழுக்கள் உருவங்களைக் கணந்தோறும் குதிக்கவும் சுழலவும் வைக்கின்றன, அது பிள்ளையின் வேலையைப் பிடுங்கிக்கொள்வதாகவே முடிகிறது. நூலின் உயிர்நாடி பக்கத்தைப் புரட்டும் கணம். அடுத்த படம் அதுவரை மறைந்திருக்கிறது. எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுக் கதையில் புழு தின்ற இடங்கள் தாளில் துளைகளாகவே விடப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட துளைகளில் ஒளி பாய்வதைத் தோல்பாவைக் கலைஞருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பக்கம் புரளும் இடத்தில் பாவையைத் திரையிலிருந்து விலக்கி ஒளியை மட்டும் நிறுத்தி, அடுத்து வருவது என்னவென்று அவையில் இருக்கும் பிள்ளைகள் கூவும்வரை காத்திருக்கத் துணியும் ஆட்டக்காரர், இழந்த உரிமையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறார். கூத்து முடிந்தபின் பிள்ளைகளைத் திரைக்குப் பின் அழைத்துத் தோலையும் கோலையும் தொட்டுப்பார்க்க விடுவதால் மயக்கம் கலைந்துவிடும் என்னும் அச்சமும் தேவையற்றது, ஏனெனில் ஆட்டுபவரை நேரில் கண்ட பிள்ளையும் மறுநாள் உச்சிக்குடும்பனுக்கே மறுமொழி சொல்லும்.