காவல் மாறும் நேரம்

மதியத்துக்கு மேல் மலேசியாவின் கேமரன் மலையில் மழை பெய்வது பெரிய செய்தி அல்ல. பிரிஞ்சாங் மலையிலிருந்து மேகம் இறங்கிவிட்டால் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகள் கண்ணுக்கு மறைந்துவிடும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் தகரக் கூரைகள் படபடக்கத் தொடங்கும். இதே சத்தத்தைத்தான் இன்று கைப்பேசிச் செயலிகள் விற்கின்றன. தகரக் கூரையில் மழை என்று ஒரு பொத்தான். அதோடு கொஞ்சம் இடி, கொஞ்சம் தவளை, தூரத்து ரயில் என்று வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். இருபது நிமிடம் கண்ணயர வேண்டுமா, நாற்பது நிமிடமா என்று கேட்டு, அதற்கேற்பச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் எழுப்பியும் விடும். ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளக்கூடிய பகல் தூக்கக் கருவியைச் செய்தே தீருவது என்று உலகில் பலர் முனைந்திருக்கிறார்கள். நான் கேலி செய்யவில்லை. அசதி கண்ணை அழுத்த, தூக்கம் மட்டும் வராமல் புரளும் மதியங்கள் எனக்கும் உண்டு.

இந்த முயற்சிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1962இல் ஜிம் பக்வால்டர் என்ற அமெரிக்க விற்பனையாளர், விடுதி அறையின் ஏர்கண்டிஷனர் இரைச்சலில் தூக்கம் நன்றாக வருவதைக் கவனித்தார். சின்ன விசிறி ஒன்றை மூடிய கூட்டுக்குள் வைத்து ‘ஸ்லீப்மேட்’ என்ற பெயரில் விற்றார். காற்றே வராத விசிறி. சத்தம் மட்டும்தான் சரக்கு. 1969இல் நியூயார்க்கில் இர்வ் டைபல் என்பவர் கடலலையைப் பதிவு செய்தார். பதிவு செய்த கடல் போதிய அளவு கடலாக இல்லையென்று கணினியில் ஏற்றிச் சீர்செய்து, இசைத்தட்டாக வெளியிட்டார். அதன் பேரப்பிள்ளைகள்தாம் இப்போது நம் கைப்பேசியில் இருப்பவை.

கேமரன் மலையில் இந்த விசிறி அதற்கு வெகு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. பறித்த கொழுந்தை முதலில் வாட்ட வேண்டும். கம்பி வலைமேல் இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். மணிக்கணக்கில், பெரும்பாலும் இரவு முழுக்க, விசிறிகள் ஒரே சுருதியில் இரையும். தொழிற்சாலையை ஒட்டிய லயத்தில் வளர்ந்த நண்பர் ஒருவர் சொல்வார்: “அது ஓடுறவரைக்கும் நல்லாத் தூங்குவோம்ங்க. நின்னுச்சுன்னா லயமே முழிச்சுக்கும்.” சத்தத்தில் தூங்கி, அமைதியில் விழித்த ஊர். நின்றால் ஏன் விழிக்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஆயாக் கொட்டகைக்குப் போய்விட்டு வருவோம்.

மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு. ஆள் கணக்கு எடுத்து, யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடுவார்கள். கைக்குழந்தைக்காரி, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓட வேண்டும். கொட்டகையின் உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். பழைய சேலை, கிழிந்த கைலி, எதுவானாலும் சரி. பின்னாளில் மலாய்க்காரர் வீடுகளில் உள்ளதுபோல இரும்பு ஸ்பிரிங்கும் கொக்கியும் வந்தன. நம் ஊர்த் தூளி பக்கவாட்டில் ஆடும். ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழும் குதிக்கும். கொக்கியில் இரும்பு உரசி ‘கிரீச்… கிரீச்…’ என்று ஒரு தாளம் கேட்கும். அந்தத் தாளத்துக்கு எண்ணெய் போடக் கூடாது என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம்.

ஆயா பெரும்பாலும் மலையேற முடியாமல் போன கிழவியாக இருப்பாள். ஒரு கையில் ஒரு கயிறு, இன்னொரு கையில் இன்னொரு கயிறு, தேவைப்பட்டால் கால் விரலில் மூன்றாவது. தொட்டிலை எட்டிப் பார்க்காமலே பிள்ளை தூங்கிவிட்டதா என்று அவளுக்குத் தெரியும். விழித்திருக்கும் பிள்ளை உதைக்கும், திமிறும். கயிறு கையில் அதைச் சொல்லிவிடும். உறங்கிய பிள்ளையின் கனம் ஒரே இடத்தில் தங்கி, கயிறு சீராகத் திரும்பி வரும். அப்போது பாட்டின் வேகத்தைக் குறைப்பாள். பிறகு சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முனகுவாள். பிறகு மெட்டும் போய் வெறும் ‘ம்’. கடைசியாகக் கை நிற்கும். எதிர்த் தொட்டிலில் ஒன்று சிணுங்கினால் அதன் பெயரை உள்ளே நுழைத்துப் பாட்டு மறுபடி தொடங்கும். யார் அடித்தார்கள் என்று கேட்டு, மாமன், அத்தை, பாட்டி என்று உறவுக்காரர்களை வரிசையாக விசாரித்துக்கொண்டே போகும் நம் தாலாட்டின் அமைப்பே இதற்கு வாகானது. அந்தப் பிள்ளைக்கு மாமன் உண்டா, எந்தத் தோட்டத்தில் இருக்கிறான், அதெல்லாம் ஆயாவுக்கு அத்துப்படி. உறவை மாற்றினால் அது வேறு பிள்ளையின் பாட்டு. ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வது என்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதைக் கருணை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. குழந்தை தூங்கினால்தான் தாயின் இரண்டு கையும் கொழுந்துக்குக் கிடைக்கும். ஆயாக் கொட்டகைச் செலவைத் தோட்டம் ஏற்றதற்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருந்தது. மலேசியாவில் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் பிள்ளைக் காப்பகத்தையும் விதியாக்கியது. தாலாட்டும் தேயிலை உற்பத்தியின் ஒரு பகுதிதான். வாட்டல், உருட்டல், புளிக்கவைத்தல், உலர்த்தல் என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் வரிசையில் அது இடம்பெறுவதில்லை, அவ்வளவே.

ஆயாவின் கைப்பழக்கத்தை ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கின்றன. 1990இல் இங்கிலாந்தில், பிறந்து சில நாளே ஆன 40 குழந்தைகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரே சீரான இரைச்சலைக் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான். 2011இல் ஜெனீவாவில் 12 ஆண்களை மெல்ல ஆடும் கட்டிலில் 45 நிமிடப் பகல் தூக்கத்துக்குக் கிடத்தினார்கள். ஆடாத கட்டிலைவிட இதில் சீக்கிரம் தூங்கினார்கள். 2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 144 கைக்குழந்தைகளுக்கு, அவை கேட்டேயிராத மொழிகளின் தாலாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். மற்றப் பாட்டுகளைவிடத் தாலாட்டுக்கு இதயத்துடிப்பு அதிகம் தணிந்தது. இரைச்சல் சரி, ஆட்டம் சரி, மெட்டும் சரி. மலேசியக் கடைகளில் மின்மோட்டார் பொருத்திய தொட்டிலே கிடைக்கிறது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஆக, தொழில்நுட்பத்தில் பெரிய குறையில்லை. அப்படியும் பெரியவர்களாகிய நாம் மதியம் படுத்துக்கொண்டு, மழையைக் கொஞ்சம் ஏற்றி, இடியைக் கொஞ்சம் இறக்கி, தவளை வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக் கிடக்கிறோம். இருபது நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் இதிலேயே போய்விடுகிறது. தொட்டிலில் கிடப்பவரே கயிற்றையும் பிடித்திருந்தால் எப்படித் தூங்குவது?

கேமரன் மலையின் மழைக்கே திரும்புகிறேன். 2013 அக்டோபரில் கனமழை கொட்டி, ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணை நிரம்ப, நள்ளிரவில் நீரைத் திறந்துவிட்டார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளும் உயிர்களும் போயின. அந்தக் கரையில் குடியிருப்பவர்களிடம் மழைச் சத்தம் தூக்கம் தரும் என்று சொல்லிப் பாருங்கள். மண் சரியுமா, ஆறு ஏறுமா என்று கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். கூரை ஒழுகும் வீட்டிலோ மழை என்றால் எழுந்து வாளி வைக்கும் வேலை. செயலியில் ஒலிக்கும் மழையும் இதே மழைதான். ஆனால் அதில் நனைய எதுவுமில்லை, எழுந்து ஓட வேண்டிய கடமையும் இல்லை.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. 1960இல் இங்கிலாந்தில் இயன் ஆஸ்வால்டும் அவருடைய சகாக்களும், உறங்குபவர்கள் அருகே பல பெயர்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். மற்றப் பெயர்களைவிடத் தன் சொந்தப் பெயருக்கு மூளை அதிகம் எழும்பியது. தூக்கத்திலும் காது காவல் இருக்கிறது. ஒவ்வொரு சத்தத்தையும், இதற்கு நான் எழ வேண்டுமா என்று சோதித்துக்கொண்டே இருக்கிறது. வாட்டல் விசிறி ஓடும்வரை தொழிற்சாலையில் யாரோ இரவுமுறை வேலையில் இருக்கிறார்கள், எல்லாம் நடக்கிறபடி நடக்கிறது என்று பொருள். நின்றால் ஏதோ கோளாறு, லயம் விழித்துக்கொள்கிறது. ஆயாவின் முனகலும் கொக்கியின் கிரீச்சும் குழந்தைக்குச் சொல்வதும் அதைத்தான்: நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். நம்மைத் தூங்கவைப்பது இனிய ஒலி அல்ல. நமக்குப் பதிலாக இன்னொருவர் விழித்திருக்கிறார் என்ற சேதி ஒலி வழியாக வந்து சேர்வதுதான். தூக்கம் நாமாக எடுத்துக்கொள்ளும் ஒன்றல்ல. ஒருவர் தம் விழிப்பைக் கொடுத்துத்தான் அடுத்தவர் அதைப் பெறுகிறார்.

இந்தக் கணக்கில் பார்த்தால் தேயிலை மலையில் மிகவும் ஏமாந்தவள் தாய்தான். பெரட்டுக்கு முன்னே எழுந்தவள். நாளெல்லாம் கூடை சுமந்து, நிறுவைக்கு நின்று, வந்து உலையும் வைப்பவள். அவள் மதியத்தில் கண்ணயர, யார் விழித்திருந்தார்கள்? தோட்டத்தில் அதற்கு ஒரு கொட்டகை கட்டியதாக எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது.

இன்று அந்த லயங்களில் தமிழர் குறைவு. வங்கதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த ஆண்கள் கொழுந்து வெட்டுகிறார்கள். வரிசைக்கு இரு புறமும் புறத்துக்கு ஒருவராக நின்று இயந்திரத்தைத் தூக்கிப் போகிறார்கள். எஞ்சின் இரைச்சல் காதை அடைக்கும். மதிய இடைவேளையில் சாலையோரக் கொட்டகையில் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் மூட்டைமேல் தலைவைத்து, காதொலிப்பானில் வீட்டிலிருந்து வந்த குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். கூட வந்தவர் தூங்கவில்லை. பீடியை அணைத்துவிட்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்தால் எழுப்ப வேண்டுமாம். நாளைக்குத் தூங்குவது என் முறை, காவல் அவர் என்று சிரித்தார். சற்று நேரத்தில் மழை பிடித்தது. தூங்கியவரை உலுக்கி எழுப்பினார். இருவரும் இயந்திரத்தின்மேல் தார்ப்பாய் போட ஓடினார்கள்.