நாளைக்கு உறுதி கூறலாமா?

ஒருவன் தான் அறிந்ததற்கு மட்டும் உறுதி கூறினாற் போதுமா, அன்றி இனி வரவிருப்பதற்கும் பொறுப்பேற்றல் வேண்டுமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கணனித்துறையில் இவ்வினா நாள்தோறும் விடை வேண்டி நிற்கின்றது.

1990 இல் முதன்முதல் வரையறுக்கப்பட்ட ஹாஸ்கல், தருக்கவியலாளர் ஹாஸ்கல் கறியின் பெயரைத் தாங்கிய சார்புமுறைச் செய்நிரல் மொழியாகும். ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விளைவைத் தருதலே தூய சார்பின் இலக்கணம். ஆனால், அம்மொழியில் எழுதுவோர் ஹாக்கேஜ் என்னும் பொதுக் களஞ்சியத்திற் பிறர் இட்ட பொதிகளின்மீதே தம் ஆக்கங்களை எழுப்புகின்றனர். பொதிகளோ மாறுவன. நேற்று இயங்கிய செய்நிரல், தன்னில் ஓரெழுத்தும் மாறாதிருக்கவே, இன்று இயங்க மறுக்கலாம்.

இதனைத் தவிர்க்க ஒரு நெறி வகுக்கப்பட்டது. பழைய பயன்பாட்டைக் குலைக்கும் மாற்றம் நிகழின், பதிப்பெண்ணின் முதலிரு கூறுகளால் அமைந்த பெரும்பதிப்பு உயர்தல் வேண்டும். பொதியாசிரியர் தாம் சார்ந்துள்ள பொதிகளுக்கு, '1.3 இற்குக் குறைந்தவை' என்றாற்போல மேலெல்லை குறித்தல் வேண்டும். கபால் என்னும் கருவி இவ்வெல்லைகள் யாவற்றுக்கும் ஒருங்கே பொருந்தும் பதிப்புகளைத் தேடும். சோதியாத பதிப்புக்கு உறுதி கூறாமையே நேர்மை என்பர் ஒரு சாரார். தீங்கற்ற புதுப்பதிப்பையும் அவ்வெல்லை தடுப்பதால், ஒருவரின் எச்சரிக்கை பலருக்குத் தளையாகின்றது என்பர் மறுசாரார்.

எல்லோரும் இவ்வாறே ஒழுகுவதை விரும்பவியலுமா எனக் கேட்குமாறு 1785 இல் இமானுவேல் கான்ற் பணித்தார். எல்லோரும் இறுக்கமாக எல்லையிடின் பொதிகள் ஒன்றோடொன்று இணையா. எவரும் எல்லையிடாவிடின் இணைந்தவை எக்கணமும் குலையலாம். ஆகவே, இரு நிலைகளும் தனித்து நில்லா.

ஸ்டாக்கேஜ் என்னும் முயற்சி வேறு வழியை நாடியது. பல பொதிகளை ஒருங்கே தொகுத்துச் சோதித்து, இசைந்தவற்றை ஒரு தொகுதியாக அது வெளியிடுகின்றது. 2015 இல் தோன்றிய ஸ்டாக் கருவி அத்தொகுதிகளை அடிப்படையாகக் கொண்டது. தனியொருவரின் முன்கணிப்பு இங்கே கூட்டுச் சோதனையாகின்றது. எனினும், ஈடுகொடுக்க இயலாதவரின் பொதி தொகுதியினின்று விலக்கப்படும். ஓய்வுநேரத்தில் ஊதியமின்றி உழைப்பவருக்கு இது எளிய சுமையன்று.

ஹாக்கேஜிலோ, வெளியிட்ட மூலநிரல் மாறாதிருக்க, எல்லைக்குறிப்பை மட்டும் பின்னர் திருத்த இடமுண்டு. சிந்திக்கத்தக்கது இதுவே. நாளையை அறியாதவன் நாளைக்கு உறுதி கூறுதல் பொய்யாகலாம். ஆனால், தன் அறிவின் எல்லையை வெளிப்படக் கூறி, அறிவு வளருங்கால் அதனைத் திருத்த உடன்படுதல் எவர்க்கும் இயலும். பிறர் தன்மீது கட்டியெழுப்ப இடந்தந்தவனிடம் அறம் வேண்டுவது இதனையே.