ஏழு டயர்க் கணக்கு

பழைய லொறி ஒன்றை வாங்கித் திருத்தி ஓட்ட நினைப்பவருக்குக் கொழும்பு வசதியான ஊர். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய பஞ்சிகாவத்தையில் கழற்றிய கியர்பொக்ஸ், ரேடியேட்டர், அச்சு என்று எதையும் விலை பேசலாம். பழைய சோனகத் தெருவில் இரும்பும் தகடும் கிடைக்கும். பெட்ஃபோர்ட் லொறிகளை இங்கிலாந்துக்காரர்கள் 1980களிலேயே கைவிட்டார்கள்; நம் மெக்கானிக்குகள் விடவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பழசைத் திருத்துவது சிலருடைய ஆசையாக இருந்தது போய்ப் பலருடைய பிழைப்பாயிற்று. இயந்திரத்தை இறக்கி ஏற்றி, பிரேக் பார்த்து, பெயின்ட் அடித்து முடித்து, கையிருப்பு தீர்கிற நேரத்தில் டயர் வந்து நிற்கிறது. முன்னால் இரண்டு, பின்னால் இரட்டைச் சில்லாக நான்கு, மேலதிகமாக ஒன்று. ட்யூப் தனிக் கணக்கு. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை இங்கேதான் நடக்கிறது.

பழைய லொறியில் எதையும் பழசாக வாங்கலாம், முன் சில்லு டயரைத் தவிர என்பது என் கட்சி. காரணம், நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. பாவித்த கியர்பொக்ஸ் பழுதானால் லொறி வறக்காப்பொலையில் நின்றுபோகும். சொந்தக்காரர் திட்டிக்கொண்டே இழுவை வண்டிக்குக் காசு கொடுப்பார். அவருடைய சிக்கனத்தின் விலையை அவரே கட்டுகிறார், அதில் எவரும் தலையிடத் தேவையில்லை. பாரத்தோடு கடுகண்ணாவை இறக்கத்தில் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், எதிரே வருகிற முச்சக்கரவண்டிக்காரர் அந்த விலையைக் கட்டுவார். வெள்ளவத்தையில் பாடசாலை விடும் நேரம் காலி வீதியைக் கடக்கும் பிள்ளைகள் அந்த டயரின் பேரத்தில் கலந்துகொள்ளவே இல்லை. தன் பணத்தை மிச்சம் பிடிக்க எவருக்கும் உரிமை உண்டு. பிறருடைய உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாவித்த டயரை விற்பவர் தேய்மானத்தைக் காட்டுவார். வாங்குபவரும் அதைத்தான் பார்ப்பார். வயதை இருவரும் பேசுவதில்லை. டயரின் பக்கச் சுவரில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். புரட்டிப் பார்க்கச் சங்கடப்படக் கூடாது. ரப்பர் காற்றுப் பட்டே கிழடாகிறது. கறுப்பு மெருகு பூசியிருந்தால் துணியால் துடைத்துவிட்டு, ரிம்மை ஒட்டிய விளிம்பிலும் வெட்டுகளின் அடியிலும் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றனவா என்று வெளிச்சத்தில் தேட வேண்டும். மொட்டையான டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாக வெட்டுப் போட்டு விற்பதும் உண்டு. அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமோ, உள்ளே இருக்கும் நூலிழைகளுக்கு மேல் அவ்வளவு ரப்பர் குறைவு. 2012இல் இங்கிலாந்தின் ஹைன்ட்ஹெட் அருகே ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19 ஆண்டுகளுக்கு மேல். இறந்தவர்களில் ஒருவரின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பெப்ரவரி முதல் அங்கே லொறி, பஸ்களின் முன் அச்சில் பத்து வருடத்தைத் தாண்டிய டயருக்குத் தடை வந்தது.

“இது வாரத்தில் ஒருநாள் ஓடுகிற வண்டி, இதற்கு எதற்குப் புது டயர்?” என்பார்கள். ஓடாத வண்டிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ரப்பரில் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் நன்றாக மேலே கசிந்து வரும். ஒரே இடத்தில் பாரம் தாங்கி வெயிலில் நிற்கும் டயர், தேயாமலே கெட்டுப்போகும்.

ஏழைச் சொந்தக்காரரின் வாதம் இதைவிடக் கனமானது. 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனது. டயர் விலையும் கூடவே ஏறியது. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு ரப்பர் கன்றுகள் வந்த நாடு, 1952இல் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு, திண்ம டயர் ஏற்றுமதியில் இன்று உலகின் முன்வரிசையில் நிற்கிற நாடு. அப்படியிருந்தும் களனியில் செய்யும் லொறி டயருக்குக் கூட, ரப்பர் பாலைத் தவிர வேறு பல மூலப்பொருட்கள் கப்பலில் வர வேண்டியிருக்கிறது. நாளை மூட்டை ஏற்றினால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவரிடம் ‘நீண்டகாலத்தில் புது டயரே லாபம்’ என்று சொல்வது வயிறு நிறைந்தவரின் கணக்கு. அதை நான் சொல்ல வரவில்லை. ஏழு டயரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பின் அச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது வண்டியை ஓரம் கட்டும்வரை தாங்க இடமுண்டு. அங்கே றீபில்ட் போதும். றீபில்ட் என்றால் முகம் சுளிக்கத் தேவையில்லை. பயணிகள் விமானங்களின் டயர்களே பலமுறை மேற்பட்டை மாற்றப்பட்டு ஓடுகின்றன. ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் அடிக்கூட்டைச் சோதிக்கிறார்கள். யாரோ வீசிய கூட்டில் போட்ட மேற்பட்டையைவிட, வரலாறு தெரிந்த உங்கள் சொந்த டயரையே கொடுத்துச் செய்விப்பது நல்லது. அமெரிக்கச் சட்டம் லொறிக்கு விட்டுக்கொடுத்தாலும், பஸ்ஸின் முன் சில்லில் றீபில்ட் டயரை அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்து, அளவு. இப்போது எவரும் ஓட்டாத அளவில் ரிம் இருந்தால் கடைக்காரர் சொன்னதே விலை. அவர் எடுத்துத் தருவதும் பெரும்பாலும் பல வருடம் மூலையில் கிடந்த சரக்கு. கன்டர், எல்ஃப் லொறிகள் ஓடுகிற 7.50-16 போன்ற அளவென்றால் சரக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். வண்டியின் பாரத்துக்கும் அச்சுக்கும் பொருந்துமானால் டயரைத் தேடி அலைவதை விட்டு ரிம்மை மாற்றுவது மலிவு. பாரம் குறைத்து மெதுவாக ஓடும் வண்டிக்கு ரேடியலும் வேண்டாம், நைலான் போதும். ஒரே அச்சில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

ஆக, முழு விலை கொடுக்க வேண்டியது இரண்டு டயருக்குத்தான். அந்தக் காசு சேரும்வரை அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து, சில்லு நிலத்தில் படாமல் லொறியை நிறுத்தி வையுங்கள். தகுதிச் சான்றிதழ் கையில் இருந்தாலும் வீதிக்கு இறக்காதீர்கள்.